காது வைத்த மீன்கொத்தி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். இன்று இந்தத் தெருவில் யாருக்காவது குழந்தையின் படம் மேக வடிவப் பலகையில் வேண்டும், கடைப் பெயர் மீன் வடிவத்தில் வேண்டும் என்றால் என்னிடம்தான் வரவேண்டும். சூட்டில் படம் பதிகிற வெள்ளைப் பூச்சுப் பலகையைச் சதுரமாக யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். அதை வளைத்து நெளித்து வெட்ட ஒரு கை வேண்டும். அது என்னுடைய கை. ஒன்றரை விரல் ரம்பத்துக்குப் போன பிறகும் அந்தக் கைக்கு ஈடு கிடையாது.

வெட்டுவது நான். படம் பதிப்பது என் மனைவியின் தம்பி. சூடான அச்சு மெஷினில் துணிகூடச் சுற்றாமல் கைவைப்பான் என்பதால் அவனுக்குச் சூட்டுக்கை என்று பெயர் வைத்தேன். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். பத்தொன்பது வருஷமாக என் கடையில், என் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தான். கடைக்கு இரண்டே சாவி. ஒன்று என் இடுப்பில், மற்றது அவன் கழுத்தில். என் சொந்த மகனுக்குக்கூட நான் சாவி கொடுத்ததில்லை.

என் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒட்டுப்பலகையில் ஒரு அச்சு செய்து சுவரில் மாட்டியிருக்கிறேன். அச்சின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டை நீட்டி விடுவேன். அதைக் காது என்போம். ஐந்து பலகையை அடுக்கி, மேலே அச்சை வைத்து, காதில் மட்டும் ஆணி அடித்துவிட்டால் ஐந்தும் நகராது. ஒரே ஓட்டத்தில் ஐந்தையும் வெட்டலாம். கடைசியில் காதை அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் அங்கே ஒன்று இருந்த சுவடே தெரியாது. காதோடு ஒரு பலகையும் என் வாசலைத் தாண்டியதில்லை. அச்சும் தாண்டியதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு டீச்சரம்மா கைப்பையிலிருந்து ஒரு மீன்கொத்தியை எடுத்து மேசையில் வைத்தார். மூக்கு உடைந்திருந்தது.

"உங்க பறவைதானே, இப்படி உடையலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "நம்ம பறவை மூக்கால மரங்கொத்தும்மா, உடையாது. எங்க வாங்கினீங்க?"

"மெயின் ரோட்டுல லேசர்ல வெட்டுற மெஷின் வெச்சிருக்கிற புதுக் கடையில. உங்க வடிவம்தானேன்னு கேட்டேன், ஆமான்னாங்க."

கையில் எடுத்துத் திருப்பினேன். தலைக்கு மேலே கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீட்டல். அதன் நடுவில் ஆணி ஓட்டை. அதில் சிவப்பு நாடா கோத்திருந்தார்கள்.

"மாட்டுறதுக்கு வசதியா இருக்குல்ல?" என்றார் டீச்சர்.

விற்ற பறவையைப் பார்த்துக் காப்பி அடித்திருந்தால் காது எங்கிருந்து வரும்? அச்சையே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். மெஷின் கண்டதை அப்படியே வெட்டியிருக்கிறது. இரண்டு சாவியில் ஒன்று என் இடுப்பில் இருந்தது. புதுசு செய்து தருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, அந்தப் பறவையோடு பின்கட்டில் இருந்த அச்சு மெஷினிடம் போனேன்.

"இதுக்குத் தலையில என்னடா?"

சூட்டுக்கை பார்த்தான். முகம் சுளித்தான். "காதைக்கூட வெட்டாமலா வித்தானுங்க, மடப்பசங்க" என்றான்.

வேறு யாரோ விற்றது என்று நான் சொல்லவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

"எத்தனை நாள் குடுத்து வெச்சே?"

"ஒரே ஒரு மத்தியானம் அத்தான். நீங்க பல்லு புடுங்கப் போன அன்னிக்கு. சாயங்காலமே கொண்டாந்து மாட்டிட்டேன்."

"நான் வாயில பஞ்சை வெச்சுக்கிட்டு வந்து, கடையைப் பாத்துக்கிட்டியான்னு கேட்டேன். தலையாட்டினியே."

"பாத்துக்கிட்டேன்தானே."

"எதுக்குடா செஞ்சே?"

மெஷினை அணைத்தான். "அவங்க கேட்டாங்க, இதை யாரு வரைஞ்சதுன்னு. நான்னு சொன்னேன். அங்க வந்து வரையச் சொன்னாங்க. பத்தொம்பது வருஷத்துல இந்தக் கடையில யாராச்சும் என்னை அதைக் கேட்டிருக்காங்களா? கேட்டா நீங்க முந்திக்குவீங்க. நான் வெட்டினேன், நான் செஞ்சேன், நான் பொறக்கும்போதே ரம்பத்தோட பொறந்தேன்."

மீன்கொத்தியை வரைந்தது அவன்தான். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில், சாப்பாட்டு நேரத்தில் வரைந்தான். அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் சண்டை போடாமல், முகத்தைக்கூடத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், என்னோடு தினமும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டுக்கொண்டே இதைச் செய்தானே, அதுதான் எனக்கு ஆறவில்லை. விரல் போனபோது இப்படி வலிக்கவில்லை.

"சாவியக் கழட்டு" என்றேன். கழற்றி வைத்துவிட்டுப் போனான். செருப்பு மாட்டும்போதுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னேன். "என்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருந்தா கடை போர்டுல அவன் பேரையும் வெட்டி ஒட்டியிருப்பேன்."

என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஒட்டியிருப்பீங்களா?" என்றாள்.

நான் கை கழுவப் போய்விட்டேன்.

டீச்சருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாள் ஐந்து பலகை அடுக்கி வெட்டினேன். வெட்டு வெண்ணெய் மாதிரி விழுந்தது. மூக்கும் தலையும் சேருகிற கணுவில் உப்புத்தாளால் வளைவு எடுத்தேன். எடுக்காவிட்டால் உடையும், அது லேசருக்குத் தெரியாது. பிறகு அச்சு மெஷின். முதல் பறவை வெளுத்துப் போய் வந்தது. இரண்டாவது தீய்ந்தது. எத்தனை விநாடி சூடு என்று அவன் எங்கேயும் எழுதி வைத்ததில்லை, வாய்க்குள் முணுமுணுத்து எண்ணுவான். நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

"அந்தக் கடையில சேந்துட்டாலும் போன் பண்ணா சொல்லிடுவான்" என்றாள் மனைவி.

"சொல்லிடுவான்னு எனக்கும் தெரியும்."

பண்ணவில்லை. ஐந்தாவது பலகையில்தான் நீலம் நீலமாக வந்தது. டீச்சர் வந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்படித்தான் இவ்வளவு அழகா வரையறீங்களோ."

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பத்தொன்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில்.

"வரைஞ்சவன் அந்தப் புதுக் கடையிலதான் இருக்கான்" என்றேன். "வெட்டினவன் நான்."