வெள்ளை முயல் காணாமல் போன நாளில் வந்த கறி

எங்களிடம் இருந்தவை இரண்டு முயல்கள். ஒன்று முழு வெள்ளை, மற்றது வெள்ளையில் சாம்பல் திட்டு. நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்த ஒரு குடும்பம் மாற்றலாகிக் கொழும்புக்குப் போனபோது, கூட்டோடு தூக்கி என் கணவரின் சைக்கிள் கரியரில் ஏற்றிவிட்டார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறி, காடு வெட்டின காணியில் முதல் போகம்கூட ஒழுங்காய் அறுக்காத காலம் அது.

"எங்களுக்கே கஞ்சிக்கு வழியைக் காணேல்லை. இதுகளுக்கு ஆர் அவிச்சுக் கொட்டுறது?" என்று கேட்டேன்.

"அதுகள் புல்லுத் தின்னும். நீர் ஒண்டும் அவிக்கத் தேவையில்லை" என்றார் அவர்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர். அவருக்கு உண்மையிலேயே முயல் வந்து வாய்த்துவிட்டது, பிறகென்ன கதை.

வெளியே வைத்தால் நரியும் கீரியும் விடாது. அதனால் அவை வீட்டுக்குள் வந்தன, வந்தவை வீட்டுக்காரராகிவிட்டன. அறை மூலையில் உமி பரப்பி ஒரு பழைய பெட்டி வைத்தேன். மலசலம் எல்லாம் அதற்குள்தான், வேறு எங்கும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மனிதப் பிள்ளைகளைவிடத் திறம் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன். மற்றப்படி அழிவுதான். கதிரைக் கால், குடைத் துணி, என் சீலைத் தலைப்பு, அவருடைய செருப்பு வார் எல்லாவற்றிலும் பல் பட்டிருக்கும்.

பார்க்கவும் பழகவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றுக்கொண்டோம். பனி ஈரத்தோடு புல்லைக் கொடுத்தால் வயிறு ஊதிவிடும், ஆகவே காலையில் பிடுங்கிய அறுகம்புல்லை விறாந்தையில் உலரவிட்டுத்தான் வைப்பேன். வைகாசி வெயிலில் அவை நாக்கு வறண்டு கிடக்கும். சாக்கை நனைத்து விரித்தால் அதில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுக்கும். நகம் வெட்டுகிற நாளில் நான் துவாயால் சுற்றிப் பிடிப்பேன், அவர் வெட்டுவார். முயலைவிட அவருக்குத்தான் பயம். தலையைத் தடவினால் பல்லை மெல்ல நறுநறுவென்று அரைக்கும். முதலில் பல்வலியாக்கும் என்று பயந்தேன். பிறகுதான் அது சந்தோசம் என்று விளங்கியது.

வருகிற போகிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்ப கறி?" வன்னியில் முயல் என்றால் அது காட்டில் ஓடும், சட்டியில் வேகும். மடியில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்துக் காணி அக்காவும் அப்படித்தான் சிரிப்பார். "நல்லாக் கொழுத்திருக்கு பிள்ளை, பாத்துக்கொள்" என்பார். அவர் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய கணவர் நாய்களோடு வேட்டைக்குப் போகிறவர். கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே வீடு அதுதான். யானை வந்த நாளில் தீப்பந்தத்தோடு முதலில் ஓடி வந்தவர்கள் அவர்கள். நான் மலேரியாக் காய்ச்சலில் நினைவில்லாமல் அலட்டிக்கொண்டு கிடந்தபோது, என் தலையைத் தன் மடியில் வைத்துக் கஞ்சி பருக்கியவர் அந்த அக்கா. வேட்டை இறைச்சி விழுந்தால் அயலுக்குப் பங்கு போகாமல் அவர் வீட்டில் சோறு பரிமாற மாட்டார்கள்.

ஒரு நாள் காலையில் அக்காவின் கணவரும் நாய்களும் வேட்டையால் திரும்பினார்கள். நாய்கள் எங்கள் ஒழுங்கை வழியே குரைத்துக்கொண்டு போன சத்தம் கேட்டது. நான் கிணற்றடியில் நின்றேன். திரும்பி வந்து புல்லை வைத்தால், சாம்பல் திட்டு மட்டும் கட்டிலின் கீழிருந்து வந்தது. வெள்ளையைக் காணவில்லை.

வெள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மத்தியானங்களில் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து அக்கா வளவுக்குள் போய்விடும். கூப்பிட்டால் வரும். அன்று தொண்டை அடைக்கக் கூப்பிட்டும் வரவில்லை. என் கணவர் கட்டிலை இழுத்தார், பெட்டியைப் பிரட்டினார், அந்தப் போகம் அறுத்து அறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வாய்க்கால் வரைக்கும் நடந்து போய் வெறுங்கையோடு வந்தார். சாம்பல் திட்டு நெல் மூட்டைக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டு, பின்னங்காலால் நிலத்தில் டப் டப்பென்று அடித்தது.

"பாவம், சோடியைத் தேடி அழுகுது" என்றேன். எனக்கும் அழுகை முட்டியது.

மத்தியானம் அக்கா வேலிக்கு மேலால் ஒரு சட்டியை நீட்டினார். வாழையிலையால் மூடியிருந்தது.

"முயல் பிள்ளை. சூட்டோட சாப்பிடுங்கோ" என்றார்.

சட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் வந்து, அடுப்புக்கட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கணவர் வந்து இலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு முயல் கறி என்றால் உயிர். அன்று அந்த முகம் செத்துப்போயிருந்தது.

"காட்டு முயலாத்தான் இருக்கும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

தோலை உரித்துத் தூளைப் போட்டு இறக்கிவிட்டால் எந்த முயல் என்று யார் கண்டது.

"நாய் பிடிச்சிருந்தா அவையிலை பிழையில்லை. நாய்க்கு என்ன தெரியும்?" என்றார் பிறகு. "செத்ததை வீணாக்கக் கூடாதெண்டு சமைச்சிருப்பினம். எங்கடை முயலெண்டு சொன்னா நாங்கள் கவலைப்படுவமெண்டு சொல்லாமல் விட்டிருப்பினம்."

"போய்க் கேளுங்கோவன்."

"என்னெண்டு கேக்கிறது? உங்கடை கறிக்குள்ளை எங்கடை முயல் கிடக்குதோ எண்டோ?"

அதுதான் சிக்கல். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி எங்கள் இருவருக்கும் வாய்க்கவில்லை. கேட்டால் அது பழி. கஞ்சி பருக்கிய கையைப் பார்த்து, என் முயலைக் கொன்றாயா என்று கேட்பதா? அந்தக் காட்டில் அந்த வீடும் முகம் திருப்பினால் எங்களுக்கு ஆர்? ஆனால் தின்னவும் முடியாது. நாய்க்குப் போடவும் மனம் வரவில்லை. அது எங்கள் வெள்ளையாக இருந்தால்?

கடைசியில் புதைப்பதென்று முடிவானது. அவர் பின்வளவில் தேசிமரத்தடியில் கிடங்கு வெட்டினார். நான் கறியைப் புது வாழையிலையில் கொட்டிக் கட்டினேன். குழம்பையும் விடவில்லை, ஒரு துண்டும் விடவில்லை. மிளகும் கறிவேப்பிலையும் மணக்க மணக்க அதை மண்ணுக்குள் வைத்தோம்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு தேவாரம் பாடட்டோ?" என்றார், விளையாட்டில்லை, உண்மையாகவே.

"விசர்க்கதை கதையாமல் மண்ணைத் தள்ளுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு நானே அழுதேன். பகல் அவர் வெறுஞ்சோற்றைச் சம்பலோடு தின்றார். நான் அதுவும் இல்லை.

சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கழுவி, ஒரு பூசணிக்காய்க் கீற்றை வைத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன்.

"எப்பிடிப் பிள்ளை கறி?" என்றார் அக்கா.

"நல்லா இருந்ததக்கா. கொஞ்சம் மிளகாய் உறைப்பு" என்றேன். பொய் சொல்கிறவளுக்கு வாய் நில்லாது.

"மிளகாயோ? நான் இண்டைக்கு மிளகெல்லே கூடப் போட்டனான்" என்று யோசித்துக்கொண்டே சட்டியை வாங்கினார்.

பொழுதுபட, அடுத்த நாள் அவிப்பதற்கு நெல் ஊறப்போட வேண்டும். கடைசி மூட்டையை இழுத்துத் தரச் சொன்னேன். சாம்பல் திட்டு அந்த இடத்தை விட்டு அசையாமல் இருந்தது, அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் மூட்டையைச் சுவரை விட்டு இழுத்தார்.

மூட்டைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கால், தலையெல்லாம் சிலந்திவலை, முதுகெல்லாம் தூசி, வெள்ளை வெளியே வந்தது. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு நேரே உமிப் பெட்டிக்குள் போய்க் குந்தியது. காலையில் நாய்ச் சத்தத்துக்கு மிரண்டு இடுக்குக்குள் பூந்திருக்கிறது. தேடுகிறேன் என்று மூட்டையைத் தள்ளி வழியை அடைத்தவர் என் கணவர். சாம்பல் திட்டு நாள் முழுக்கக் காலை அடித்து அடித்துச் சொன்னது அதைத்தான்.

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அப்பாடா என்று நெஞ்சு இறங்கிய அந்த இறக்கம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளையை அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டேன். அது தண்ணீருக்காக என் கையை நக்கியது. கணவர் மூட்டையில் கை ஊன்றியபடி நின்றார்.

"அப்ப நாங்கள் புதைச்சது ஆரை?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி நிற்பாட்ட முடியவில்லை.

"நல்ல கறியப்பா" என்று அவர் தேசிமரப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் இன்னும் கூடியது.

அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கலாம். வேலியடியில் அக்காவின் குரல் கேட்டது. "பிள்ளை, ஒருக்கா வாவன்." போனேன். அவர் காலடியில் அவர்களுடைய பெரிய நாய் நின்றது. வாயில் மண் பிடித்த வாழையிலை. எலும்பு ஒன்று வெளியே தொங்கியது.

"உன்ரை தேசிமரத்தடியைக் கிண்டிப்போட்டு வருகுது" என்றார். "இது என்ரை கறியெல்லோ?"

மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. காலையிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கையில் வெள்ளை இருந்தது, அதையும் தூக்கிக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. இனிமேல் இந்த வேலிக்கு மேலால் ஒன்றும் வராது என்று நினைத்தேன்.

"மத்தியானத்திலை உது எங்கை போறது எண்டு நினைச்சனி?" என்று கேட்டார். "என்ரை குசினி வாசலிலை வந்து குந்தியிருக்கும். முசுட்டை இலை பிடுங்கிக் குடுக்கிறனான். என்ரை சீலையையும் கடிச்சு வைச்சிருக்குது, பார்." தலைப்பைப் பிடித்து ஓட்டையைக் காட்டினார். "உதைப் போய் நான் சட்டியிலை போடுவனோ?"

வெள்ளை என் கையிலிருந்து கழுத்தை நீட்டி அவருடைய விரலை மணந்தது. அவர் அதன் நெற்றியைத் தடவினார். அது பல்லை அரைத்தது.

"தேவாரம் பாடக் கேட்டவரோ?" என்றார் அக்கா திடீரென்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே, தன் மனிதருக்குச் சொல்ல உள்ளே ஓடினார்.

அடுத்த தடவை முயல் கறி வந்தபோது, மூடியிருந்த வாழையிலைக்கு மேலே காட்டு முயலின் பழுப்புக் காது ஒன்று கிடந்தது. அதற்குப் பிறகு முயல் விழுந்தால் காதோடுதான் சட்டி வரும். என் கணவர் முதலில் காதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "எங்கடை ஆளில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றுக் கோப்பையை முன்னால் வைப்பார்.

அடுத்த மாரியில் ஒரு நாள், மழைக்குள் ஓட்டமாக வந்து சட்டியைத் தந்துவிட்டு அக்கா ஓட்டமாகப் போனார். முயல் கறி. இலைக்கு மேலே ஒன்றும் இல்லை. நான் சோற்றைப் போட்டு, மேலே கறியை ஊற்றினேன்.

"காது எங்கை?" என்றார் கணவர். "எங்கடை இரண்டும் உள்ளையோ?"

எங்கே நின்றனவோ தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா தந்தது. சாப்பிடுங்கோ" என்றேன்.