அவசரத்துக்கு வைத்த ஒயில்

எஞ்சின் நெடுங்காலம் உழைக்க வேண்டுமென்றால் அதை அடிக்கடி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று திருகோணமலையில் கராச் வைத்திருந்த எல்லாருமே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை நடந்த அந்த வருடங்களில் நாட்டின் சட்டம் வேறு மாதிரி இருந்தது. வழியிலுள்ள ஒவ்வொரு சென்றியிலும், அதாவது ஆமிக்காரர் மறித்துப் பார்க்கும் இடத்திலும், எஞ்சினை நிறுத்த வேண்டும். என் பழைய டீசல் ஜீப் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. நில் என்றால் உடனே நின்றுவிடும். திரும்ப ஓடு என்றால்தான் யோசிக்கும்.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்களை வாரம் ஒருமுறை ஏற்றி இறக்குவது என் தொழில். அவர்கள் எல்லாரும் ஜீப் தள்ளுவதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள். கணக்கு வாத்தியார் எண்ணிக் கொடுப்பார், மற்றவர்கள் தள்ளுவார்கள். சங்கீத ரீச்சர் மட்டும் இறங்கமாட்டார். பாரம் கொஞ்சம் இருந்தால்தான் ரயர் நிலத்தைப் பிடிக்கும் என்பது அவருடைய கருத்து.

ஜீப் எவ்வளவு தூரம் ஓடியது என்று ஒருவருக்கும் தெரியாது. முன்பு வைத்திருந்தவரிடமே மீற்றர் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி முடிந்துவிட்டதாம். அவருக்கு முந்தியவரைப் பற்றி அவருக்கே தெரியாது. என்னிடம் அது இரண்டாவது சுற்றிலோ மூன்றாவது சுற்றிலோ தொண்ணூற்றையாயிரத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது. சென்றியில் கொஞ்சம் தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவர் இருந்தார். கதவுக்குள் தலையை விட்டு மீற்றரைப் பார்த்து, "இது எங்கட தாத்தா காலம்" என்பார். நான் சிரிப்பேன். நான் பொதுவாகவே கதை குறைந்த ஆள். சென்றியில் அந்தக் குறைந்த கதையும் நின்றுவிடும்.

சென்றிக்கு அங்கால், இயக்கத்தின் கையில் இருந்த பக்கத்துக்குக் கொண்டுபோகக்கூடாது என்று தடுத்த சாமான்களில் பற்றரி, சீமெந்து, உரம் என்பவற்றோடு எஞ்சின் ஒயிலும் இருந்தது. அங்கால்தான் என் அக்கா இருந்தாள். அத்தானும் அவளும் அந்த முறை கோடையில் சிறுபோக நெல் விதைத்திருந்தார்கள். குளத்துத் தண்ணீர் வராதபடியால் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இழுத்துத்தான் வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். பம்பின் எஞ்சினுக்கு ஒயில் இல்லை. ஒயில் இல்லாவிட்டால் எஞ்சின் இறுகும், எஞ்சின் இறுகினால் பயிர் கருகும். அவர்கள் வீட்டின் ஒரு வருடச் சோறு அந்த வயலில் பச்சையாக நின்றது.

அத்தானுக்கு ஒரு நாள் யோசனை வந்தது.

"மச்சான், கானில ஒயில் கொண்டு வந்தா மறிப்பாங்கள் என்ன?"

"ஓம்."

"எஞ்சினுக்குள்ள கிடக்கிற ஒயில?"

"அது எஞ்சின்ர ஒயில்தானே, அத்தான். அதை ஏன் மறிக்கிறது?"

"பின்ன என்ன. எஞ்சினுக்குள்ள கொண்டு வா."

ஏற்பாடு இதுதான். நான் திருகோணமலை ரவுணில் பழைய ஒயிலைக் கழற்றிவிட்டுப் புது ஒயில் நிரப்பிக்கொண்டு புறப்படுவேன். அங்கே அக்கா வீட்டு வளவில், வேப்பமரத்துக்குக் கீழே, அத்தான் ஜீப்புக்கு அடியில் படுத்துப் புது ஒயிலில் பாதியைப் போத்தல்களில் பிடிப்பார். பிடித்த அளவுக்கு, ஊர் ட்ரக்டர்களில் கழித்த எரிந்த ஒயிலைத் திருப்பி ஊற்றுவார். அதோடு நான் வீட்டுக்கு வருவேன்.

இப்படியாக என் ஜீப் மாகாணத்திலேயே அதிகம் பராமரிக்கப்பட்ட வாகனம் ஆயிற்று. பெரிய பெரிய அதிகாரிகளின் வாகனங்களுக்குக்கூட அப்போது மாதக்கணக்கில் ஒயில் மாற்றவில்லை. எனக்கு வாரம் ஒன்றுக்குப் புது ஒயில். ஒரே ஒரு குறைதான். அந்தப் புது ஒயிலில் ஜீப் போக மட்டும் செய்தது, வரும்போது ஊரிலுள்ள எல்லா ட்ரக்டர்களின் அழுக்கையும் குடித்துக்கொண்டு வந்தது.

"எஞ்சின் தாங்குமோ, அத்தான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உன்ர பெரிய எஞ்சின். பெரிய எஞ்சின் தாங்கும். பம்ப் சின்னன், பாவம்."

சென்றியில் அந்தச் சிப்பாய்க்கு ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்ப்பதில் தனி விருப்பம். ஊரில் அவருடைய தகப்பன் பஸ் ஓடுபவராம். அவர் ஒரு நாள் கம்பியைப் பிடித்தபடி, தம்பி என்று சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மல்லி, போற நேரம் தேன். வாற நேரம் தார். நடுவில என்ன இருக்கு?"

 ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே மரங்களைப் பார்த்தார்கள்.

"ரோட்டு, சேர்" என்றேன்.

 அவர் மற்றச் சிப்பாய்களைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார். அந்த ரோட்டில் ஒருமுறை போனவர்கள் அதை நம்பாமல் இருக்கவும் முடியாது.

ஆவணி விடுமுறை கிட்டியது. கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கியது. நெல் குடலை தள்ளிக் கதிர் வரப்போகும் நேரம், தண்ணீர் ஒரு நாளும் தவறக்கூடாது. அத்தான் சொல்லியனுப்பியபடி அந்த முறை கம்பியிலுள்ள மார்க்குக்கு மேலாகவும் ஒயில் ஊற்றினேன். எஞ்சினுக்குள் ஒயில் கூடினாலும் கேடுதான் என்பது எனக்குத் தெரியும். அத்தானுக்கு அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு வாய் இல்லை. பாதி வழியிலேயே நீலப் புகை கிளம்பிவிட்டது. சென்றியில் அந்தச் சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"மல்லி, இது ஜீப்பா, அடுப்பா? வரக்குள்ளயும் இப்பிடி எண்டா விடமாட்டன். சரியோ?"

கடைசி ஆசிரியரையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். விடுமுறை தொடங்க முன் அவர்கள் வேறு வாகனத்தில் திரும்புவதாக ஏற்பாடு. வளவுக்குள் நுழையும்போதே ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து பம்ப் சத்தம் கேட்கவில்லை. அத்தான் வரம்பில் குந்திக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிட்டுது" என்றார்.

"இறுகிப் போச்சோ?"

"அசையுதில்லை."

"ஒயில் விட்டனீங்கள்தானே?"

அத்தான் நெல்லைப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தாள். அவளுடைய கூறைச் சீலைக்குப் பக்கத்தில், சாமிப் படத்துக்கு முன்னால், நான் கொண்டுவந்த ஒயில் முழுவதும் போத்தல் போத்தலாக நின்றது. தேன் நிறம். ஒன்றின் மூடியும் திறக்கப்படவில்லை.

"அது நல்ல ஒயில்" என்றார் அத்தான் வாசலில் நின்று. "அவசரத்துக்கு எண்டு வச்சனான்."

"அப்ப பம்புக்கு?"

"எரிஞ்ச ஒயிலை வேட்டித் துணியில வடிச்சு விட்டனான். நல்லாத்தான் ஓடினது."

"இஞ்சாருங்கோ" என்றாள் அக்கா. "பயிர் சாகிறது அவசரமில்லாட்டி வேற எது அவசரம்? என்ர செத்தவீடோ?"

அத்தானை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அவசரத்துக்கு என்று ஏதாவது இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு டின்பால் இருந்தது. எல்லாரும் தேத்தண்ணீரை வெறுமனே குடித்தபடி அதைக் காவல் காத்தோம். கடைசியில் அது ஊதி வெடித்தது. அவசரம் வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

அக்கா முற்றத்தில் புகைந்துகொண்டு நின்ற ஜீப்பைக் காட்டினாள். "உதுவும் எஞ்சின்தானே. சும்மா நிக்குது."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

பின்னேரமே ஜீப்பை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தி மரக்குற்றி வைத்தோம். அந்தப் பக்கத்துச் சில்லைக் கழற்றி, ரயர் இல்லாத வெறும் வளையமாகத் திரும்பப் பூட்டினோம். மூடிக் கிடந்த நெல்லு மில்லிலிருந்து பெல்ட் ஒன்று வாங்கி, அந்த வளையத்திலிருந்து, இறுகிய எஞ்சினை விலக்கிய பம்புக்கு மாட்டினோம். பிறகு புகைந்த ஒயில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அலுமாரிப் போத்தல்களை ஒவ்வொன்றாக ஜீப்புக்குள் ஊற்றினோம், மார்க் மட்டும். ஒவ்வொரு போத்தலுக்கும் அத்தான் பெருமூச்சு விட்டார். மார்க் நிரம்பத் தேவையான கடைசிப் போத்தலை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார். அக்கா கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார்.

கியரில் போட்டதும் வளையம் சுழன்றது. வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது.

விடுமுறை முழுவதும், பம்புக்கு வைத்திருந்த டீசலைக் குடித்தபடி ஜீப் அங்கேயே நின்று ஓடியது. பம்ப் தண்ணீரில் கொஞ்சம் ரேடியேற்றருக்கும் போயிற்று. வழியில் நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. குழி இல்லை, தூசி இல்லை. ஊற்றிய ஒயிலை யாரும் பாதியில் கழற்றி எடுக்கவில்லை, அது உள்ளேயே ஓடி ஓடிக் கறுத்தது. கராச்காரர் சொன்ன எல்லாப் புத்திமதியையும் என் ஜீப் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைப்பிடித்தது. சத்தம் பூனை உறுமுவதுபோல் மெதுவாகிவிட்டது. தூரம் போகாத வாகனம்தான் நெடுங்காலம் உழைக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

சில்லுச் சுழன்றபடியால் மீற்றரும் ஓடியது. அத்தான் விடிய எழும்பினால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

"மச்சான், நேற்று வவுனியா தாண்டியிட்டம்."

"இண்டைக்கு?"

"பின்னேரத்துக்குள்ள யாழ்ப்பாணம்."

பாதைகளெல்லாம் பூட்டிக் கிடந்த நாட்களில் நாங்கள் ஒரு சென்றியிலும் நிற்காமல், பாஸ் காட்டாமல், வரம்பில் இருந்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டே யாழ்ப்பாணம் போய் வந்தோம். பிறகு கண்டி போனோம். அக்கா சாப்பாடு கொண்டுவரும்போது, "கொழும்புக்குப் போனா எனக்கு ஒரு சீலை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்பாள். கொழும்புக்குப் போன கிழமை கதிர் பழுக்கத் தொடங்கியது. மீற்றரில் ஒன்பதுகள் எல்லாம் ஒன்றாகப் புரண்டு வெறும் சைபர்கள் வந்தபோது வயலுக்குத் தண்ணீர் போதும் என்று நிறுத்தினோம்.

வெட்டு முடிந்ததும் அக்கா ஒரு மூட்டை நெல் ஏற்றிவிட்டாள். சென்றியில் எஞ்சினை நிறுத்தினேன். புகை இல்லாததைக் கண்டு சிப்பாய் சந்தேகத்தோடு வந்தார். கம்பியை இழுத்தார்.

"தார்."

"ரோட்டு, சேர்."

கதவுக்குள் தலையை விட்டு மீற்றரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப மீற்றரைப் பார்த்தார்.

"புதுசா?"

"ஓம், சேர்."

அவர் கம்பியைத் திரும்பச் செருகிவிட்டுப் போகச் சொன்னார். திறப்பைத் திருகினேன். ஜீப் யோசித்தது. ஆசிரியர்கள் இல்லாததால், அந்தப் புது வாகனத்தைச் சிப்பாயும் அவருடைய ஆட்களும் துவக்குகளைச் சாத்தி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். கணக்கு வாத்தியாரைப்போல அவரும் எண்ணிக் கொடுத்தார், சிங்களத்தில்.