கொய்யா மரத்துச் சிவப்பு

தன் கையால் ஒன்றைச் செய்து கொடுப்பவள், யாருக்குக் கொடுக்கிறாளோ அவரைத்தான் நேசிக்கிறாள் என்று சொல்லிவிட முடியுமா? உமையாள் இந்தக் கேள்வியைச் சாகும்வரை விடவில்லை. கேள்விக்குக் காரணமான நவமணி, குருண் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு நவமணி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரைசானி மழை நாட்களில் கம்பளி பின்னுவாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நவமணி, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். 1941 டிசம்பரில் துரையும் துரைசானியும் காரில் தெற்கே ஓடிய மறுநாள், தோட்டமே பங்களாவுக்குள் புகுந்தது. அரிசி மூட்டை, நிலைக்கண்ணாடி, கட்டில் என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நவமணி ஒரு பிரம்புக் கூடை நிறையக் கம்பளி நூலும் இரண்டு ஊசியும் கொண்டுவந்தாள்.

"அரிசிய விட்டுட்டு நூலத் தூக்கிட்டு வர்றா பாரு! இத என்ன ஆக்கித் திங்கவா?" என்றான் பிச்சை. உமையாளின் கணவன் அவன். வாய் சும்மா இருக்காது.

"உன் வாயத் தைக்கத்தான்" என்றாள் நவமணி.

அவள் பின்னல் அப்படியொன்றும் நேர்த்தியானதல்ல. ஓரங்களில் கண்ணி விட்டுப்போகும். ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் சுருங்கும். கணவன் ராமையாவுக்கு அவள் பின்னிய நீலமும் மஞ்சளுமான தொப்பி ஒரு காதை மட்டும் மூடியது. உமையாளுக்குப் பச்சையில் வெற்றிலைப் பை. பிச்சைக்குப் புகையிலை வைக்க ஒரு சுருக்குப்பை. தன் மகள் அம்சவள்ளிக்குக் காலுறை. செருப்பே இல்லாத பிள்ளைக்குக் காலுறை. கொடுத்துவிட்டு, வாங்கியவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டியதில்லை. முகம் ஒரு நொடி மாறினால் போதும், உள்ளே போய் அடுத்ததைத் தொடங்கிவிடுவாள்.

கூடையில் அதிகம் இருந்தது சிவப்பு. அதை நான்கு மாதம் பின்னி ராமையாவுக்கு ஒரு போர்வை செய்தாள்.

1943 வந்தபோது லயத்தில் வேறு நிறமே இல்லை. துணி கிடைக்காமல் ஆணும் பெண்ணும் கோணிச் சாக்கை வெட்டி உடுத்தினார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உடம்பு ஊதியது. அந்த வருடம்தான் சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடிக்க ஜப்பான்காரன் லாரி வரத் தொடங்கியது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

ராமையாவும் பிச்சையும் பகலெல்லாம் ஜெராய் மலையடிக் காட்டில் பதுங்கினார்கள். மாலை நான்கு மணிக்குக் கஞ்சி குடிக்க இறங்கி வருவார்கள். லாரி தோட்டத்தில் நின்றால், நவமணி சிவப்புப் போர்வையை லயத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தில் போடுவாள். மேலிருந்து பார்த்தால் ரப்பர் மரப் பச்சைக்கு நடுவே அது ஒன்றுதான் தெரியும். தெரிந்தால் இறங்க மாட்டார்கள். நான்கு முறை அது அவர்களைக் காப்பாற்றியது.

ஐந்தாம் முறை மழை நாள். அம்சவள்ளிக்கு இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல். கொயினா மாத்திரை எங்கும் இல்லை. பிள்ளையின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் பலகைச் சுவர் வழியாக உமையாளுக்குக் கேட்டது. மூன்றரை மணி இருக்கும். லாரி வந்து கிராணி ஆபீசு முன்னால் நின்றது. உமையாள் கொய்யா மரத்தைப் பார்த்தாள். வெறும் மரம். ஓடிப்போய் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அக்கா, லாரி வந்துருச்சு! செவப்ப எடு!"

போர்வை பிள்ளையின் மேல் இருந்தது. நவமணி அதன் ஓரங்களைப் பிள்ளைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காதுல விழலியா? கோணியப் போத்து புள்ளைக்கு. அவங்க பாக்குற வரைக்கும், அஞ்சு நிமிசம் போதும்."

"போ உமையா."

"ஒம் புருசனும்தானடி வர்றாரு, பாவி!"

அக்கா என்று கூப்பிட்ட வாய் அன்றுதான் முதன்முதலாக 'டி' போட்டது. உமையாள் குனிந்து போர்வையை இழுத்தாள். நவமணி அவள் கையில் ஓங்கி அடித்தாள். அடி பலமில்லை. ஆனால் அந்தக் கை தன்னை அடிக்கும் என்று உமையாள் நினைத்ததே இல்லை. அந்தத் திகைப்பில் பிடி விட்டுவிட்டது.

மலைப் பக்கம் ஓடினாள். லயத்துக் கோடியில் கங்காணி குடையோடு நின்றார். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

"எங்கம்மா ஓட்டம், இந்த மழையில? வீட்டுக்குள்ள போ."

அவள் தன் வீட்டு வாசலில் நின்று நான்கு மணியாவதைப் பார்த்தாள். இருவரும் வழக்கமான பாதையில், தலைக்கு மேல் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். பிச்சை ஏதோ சொல்ல, ராமையா சிரித்தான். வாய்க்காலைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளை பிழைத்தது. ஆண்கள் இருவரும் திரும்பவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்த ஒருவன், இருவரையும் பேதி கண்டவர்களின் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னான்; அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. உமையாளும் நவமணியும் அதே லயத்தில், அதே பலகைச் சுவருக்கு இரண்டு பக்கமும் இன்னும் பதினெட்டு வருடம் இருந்தார்கள். ஒரே ஒரு முறை உமையாள் கேட்டாள். "அன்னிக்கி ஏன்க்கா?" நவமணி பின்னிக்கொண்டிருந்தாள். "மழ வருது, துணிய எடு" என்றாள்.

போர்வையைத் தர மறுத்ததை உமையாள் காலப்போக்கில் ஒருவாறு விளங்கிக்கொண்டாள். அவளுக்கும் பிறகு பேரப்பிள்ளைகள் வந்தார்கள், காய்ச்சல் வந்தது. விளங்காமலே போனது அன்று அதற்குப் பின் நடந்தது.

பிடித்தவர்களை லாரிக்குப் பக்கத்தில் மழையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பதின்மூன்று பேர். எல்லோரும் நனைந்த கோணியில். உமையாள் அழக்கூடத் தோன்றாமல் நின்றாள். அப்போது நவமணி வீட்டிலிருந்து வந்தாள். கையில் சிவப்புப் போர்வை. பிள்ளையின் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்திருக்கும். சிப்பாய் பார்த்தான், தடுக்கவில்லை.

வரிசையில் முதலில் நின்றது ராமையா. மனைவியைப் பார்த்ததும் அவன் அவள் உயரத்துக்கு எட்டும்படி தலையையும் தோளையும் தாழ்த்திக் கொடுத்தான்.

நவமணி அவனைக் கடந்து, அடுத்து நின்ற பிச்சையின் தோளில் அதைப் போர்த்தினாள். மார்பின் குறுக்கே இழுத்து இரண்டு முடிச்சாகப் போட்டாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் பிள்ளையிடம் திரும்பிப் போனாள்.