சம்மதக் கையெழுத்து

வேறொரு ஆண்மகனைப் பார்த்து வந்த பொறாமையாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி மனம் ஆறியிருப்பேன். நான் பொறாமைப்பட்டது பெண்களைப் பார்த்து. அதுவும் அடிவாங்கியவர்கள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள், நீதிமன்றத் தவணைக்கு அலைகிறவர்கள். இதை வெளியில் சொன்னால் யார் மதிப்பார்கள்?

பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழகம் என்று வெளியூர் போன வருடம் என் மனைவி பாடசாலை அலுவலக வேலையை விட்டுவிட்டு, யாழ்ப்பாண நகரத்தில் இயங்கிய ஒரு சிறிய பெண்கள் அமைப்பில் சேர்ந்தாள். வருகிறவர்களை உட்காரவைத்துக் கேட்பது, பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் கூடப் போவது, சட்டத்தை மாற்றச் சொல்லி மனு எழுதுவது, இவைதான் வேலை. நல்ல வேலை என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் குடும்பம் மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பம். ஊரில் பெண்பிள்ளைகளை மறித்து வைத்திருந்த காலத்திலேயே எங்கள் பக்கத்துப் பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். இந்தப் பெருமையை நான் எந்தச் சபையிலும் அவிழ்த்துவிடுவேன். கணித ஆசிரியன் என்பதால் சொன்னதையே திரும்பச் சொல்லவும் எனக்குக் கூச்சம் இல்லை.

ஆனால் வீட்டில் தொலைபேசி அடித்தால் என் முகம் கறுத்துவிடும். "சொல்லுங்கோ அக்கா" என்று அவள் எடுப்பாள். அந்தச் 'சொல்லுங்கோ'வில் இருந்த பொறுமையில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தாலும் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது. எனக்குக் கிடைப்பது "என்ன?" மட்டும்தான், அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டே. யாரோ ஒருத்தியின் வழக்குத் தவணை அவளுக்கு மனப்பாடம். என் பிரஷர் குளிசை முடிந்தது தெரியாது. ஒருநாள் கூட்டத்துக்குப் போகவிடாமல் செய்யக் காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டாள், இரண்டு பனடோலும் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்தாள், போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது ஆசிரியன் போர்வைக்குள் கிடந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரிலும் கொழும்புத்துறையிலிருந்து வந்த ஓர் இளம் பெண் மேல்தான் எனக்குத் தனி எரிச்சல். புருஷன் கையை முறித்துவிட்டான் என்று கட்டோடு, ஒரு சின்னப் பெண்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தவள். போக இடமில்லாமல் அமைப்பின் அலுவலகத்துப் பின் அறையில் தாயும் மகளும் தங்கியிருந்தார்கள். எங்கள் அடுப்பில் கணவாய்க் கறி வைத்தால் முதற்பங்கு டிபன் கரியரில் ஏறி அவளுக்குப் போகும். எனக்குச் சட்டியில் மிஞ்சியது. அந்தப் பெண்ணின் முறிந்த கையை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. கணவாயைத்தான் நினைத்தேன்.

அப்படியிருக்க, ஒரு தை மாதக் காலையில் என் மனைவி தேநீரோடு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. அமைப்பு வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர், வாசலில் புருஷன்மார் வந்து நின்று கத்துவதைப் பார்த்துப் பயந்து, சித்திரை முடிய வீட்டை விடச் சொல்லிவிட்டாராம். இணுவிலில் அவளுக்குச் சீதனமாக வந்த நாலு பரப்புக் காணியும், அதில் கூரை இறங்கிய ஒரு பழைய வீடும் சும்மா கிடந்தன. அதை அமைப்புக்கு எழுதிக்கொடுக்க அவளுக்கு விருப்பம். காணியின் உறுதிப் பத்திரம் அமைப்பின் பெயருக்கு வந்தால்தான் கூரை போட உதவி கிடைக்கும். இரண்டு மாதத்தில் திருத்திவிட்டால் அந்தப் பெண்கள் தெருவுக்கு வராமல் நேரே அங்கே போகலாம்.

"என்ரை காணிதான். ஆனால் உங்கடை சம்மதக் கையெழுத்து இல்லாமல் நொத்தாரிசு உறுதி எழுதி முடிக்கமாட்டாராம்," என்றாள்.

எங்கள் தேசவழமைச் சட்டம் அப்படி. கோப்பாயில் நான் படுத்தெழும்பும் வீடும் குளிக்கும் கிணறும் அவளுடைய சீதனம். கலியாணம் கட்டிப் பெட்டியோடு வந்து புகுந்தவன் நான். இருந்தும், உயிரோடிருக்கும்போது தன் காணியை அவள் விற்கவோ கொடுக்கவோ நான் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இந்தச் சட்டப் பிரிவை நீக்கச் சொல்லித்தான் அவளும் அமைப்பும் ஊர் ஊராகக் கூட்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அது அநியாயம் என்று ஆசிரியர் அறையில் வாதாடியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் சொன்னது ஒரு சொல்: "யோசிப்பம்."

அடுத்த கிழமை மறுபடி வந்து உட்கார்ந்தாள். தேநீருக்கு இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். காணியின் படத்தை விரித்துக் காட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரை மணித்தியாலம் என்னோடு இருந்தாள். தொலைபேசி அடித்தபோது எழும்பவில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை, இப்போதும் மறைக்கப் போவதில்லை. "சோதனைப் பேப்பர் திருத்தி முடியட்டும்," என்றேன். அதற்கடுத்த தரம், "லெந்து முடியட்டும்." கையெழுத்துக்கும் லெந்துத் தவக்காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. நான் முடியாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், புருஷன் நியாயமில்லாமல் மறுக்கிறார் என்று அவள் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டிருக்கலாம். யோசிக்கிற புருஷனை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது?

லெந்து முடிவதற்கு முன்னமே அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். தேநீர் மேசையில் தனியே வந்து இருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. என்னிடம் வராத நேரத்தில் அங்கே அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க, பங்குனிக் கடைசியில் நகரத்தில் ஒரு தேவாலய மண்டபத்தில் அவர்கள் வைத்த கூட்டத்துக்குச் சொல்லாமல் போனேன். கடைசி வரிசையில் ஒரு மீன் விற்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. என் மனைவி மேடையில் ஏறாமல் நாற்காலிகளுக்கு நடுவே நின்று கதைத்தாள். அவளுக்கு அவ்வளவு அழகாகக் கதைக்க வரும் என்று எனக்குத் தெரியாது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பிளை," என்று தொடங்கினாள். "அவவின்ரை மனுசன் குடிக்கிறேல்லை, அடிக்கிறேல்லை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போறவர். தன்ரை காணியை ஒரு நல்ல காரியத்துக்குக் குடுக்க அவ கையெழுத்துக் கேட்டவ. மாட்டன் எண்டு அவர் சொல்லேல்லை. யோசிப்பம் எண்டுதான் சொல்லுறார். மூண்டு மாசமா யோசிக்கிறார்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொன்னதுபோல் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"அடிக்கிறவனெண்டால் பொலிசிலை பிடிச்சுக் குடுக்கலாம் தம்பி. உந்த யோசிக்கிறவனை என்ன செய்யிறது?"

"ஓம், கஷ்டம்தான்," என்றேன்.

பிறகு சட்டத்தை மாற்றக் கேட்கும் மனு சுற்றுக்கு வந்தது. ஆண்களுக்குத் தனித் தாள். கடை முதலாளி ஒருவர், ஒரு ஐயர், ஓட்டோக்காரர்கள் இரண்டு பேர், எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் போய்க் கேட்டிருக்கிறாள், வீட்டுக்குள் இருக்கும் என்னைக் கேட்கவில்லை. பேனையைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று எனக்கே வெளித்தது. காணியைக் கொடுக்க எனக்கு மனவருத்தம் இல்லை. இந்தச் சட்டம் போய்விட்டால் அவள் என்னிடம் எதற்கும் கேட்டு வரத் தேவையில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "கண்ணாடி கொண்டுவரேல்லை," என்று தாளை அடுத்தவரிடம் தள்ளினேன். கண்ணாடி மூக்கில் இருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார்.

என் மனைவி என்னைக் கண்டாளோ தெரியாது. வீட்டில் ஒரு கதையும் இல்லை. நான் மனதுக்குள் ஒரு பேரம் வைத்தேன். இன்னும் ஒரே ஒரு தரம் கேட்டால் போட்டுவிடுவேன். சித்திரை முழுக்க அந்த ஒரு தரத்துக்காகக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

கடைசியில் நான்தான் தோற்றேன். வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை நீளக் காற்சட்டையும் நல்ல சேட்டும் போட்டுக்கொண்டு, "வாரும், நொத்தாரிசிட்டைப் போவம்," என்றேன். அவள் ஓடிவந்து கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கையைத் துடைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்துக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினாள். நொத்தாரிசின் மேசையில் என் வேலை ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு பெரிய கொடையாளியாக என்னை நினைத்துக்கொண்டு, "அந்தக் கொழும்புத்துறைப் பிள்ளையும் மகளும் இனி வரலாம்தானே?" என்று பின்னால் இருந்தவளிடம் கேட்டேன்.

"அவள் வரமாட்டாள்."

"ஏன்?"

"வீட்டுக்காரர் போன கிழமை வீட்டைப் பூட்டித் திறப்பை வாங்கிப்போட்டார். மற்றவைக்கு அங்கை இங்கை இடம் பாத்தம். அவளுக்குக் கிடைக்கேல்லை. மனுசன் வந்து கூட்டிக்கொண்டு போயிட்டான்."

"நீர் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"எத்தினை தரம் சொன்னனான்?"

கோப்பாய்க்குக் கிட்ட, வெங்காயத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். அவளுடைய முகத்தைப் பார்த்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நீர் கேட்டுக்கொண்டு எனக்கு முன்னாலை வந்து இருந்தது எனக்கு நல்லா இருந்தது. போட்டுட்டால் பிறகு வரமாட்டீர் எண்டு நினைச்சன்."

அவள் இறங்கினாள்.

"உதுக்கோ?" என்றாள். "இஞ்சை வந்து இரும் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் வந்து இருந்திருப்பனே. அதுக்கு அந்தப் பிள்ளையை அவனிட்டைத் திருப்பி அனுப்பவேணுமோ?"

தெருவோரத்தில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படி அழுது நான் கண்டதில்லை. கிட்டப் போய்த் தோளில் கை வைத்தேன். அது எனக்காக அழுத அழுகை இல்லை என்று தெரிந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.