டாங்கோ பாட்டுக்கு ஒரு தெலுங்கு உரை

எங்கள் வீட்டு கிராமபோன் பெட்டியை நான்தான் துடைப்பேன். என் வீட்டுக்காரரோடு ரேணிகுண்டா ரயில்வேயில் வேலை பார்த்த சட்டைக்கார ஆங்கிலோ இந்திய டிரைவர், குடும்பத்தோடு கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போனது. கூடவே ஆறேழு ரெகார்டுகள். அதில் ஒன்று டாங்கோ. எந்தத் தேசத்துப் பாஷையோ, ஒருவன் அழாத குறையாகப் பாடுவான். ஞாயிற்றுக்கிழமைதோறும் இவருக்கு அது ஒரு தரமாவது ஓடியாக வேண்டும்.

எனக்கும் பிடித்துத்தான் போனது. என் வளைகாப்புக்கே அதைத்தான் வைக்கச் சொன்னேன். மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சாவி முறுக்கி, முள்ளை வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்விட்டார். பெண்கள் கூட்டத்தில் நிற்கக் கூச்சம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திருத்தணிப் பக்கத்துக்காரி. ஐந்தாவது வரை தமிழில் படித்தவள், தெலுங்கு எழுத்து தெரியாது. இவருக்கும் வீட்டில் தமிழ்தான், ஆனால் படித்ததெல்லாம் திருப்பதியில், தெலுங்கில். எல்லைத் தகராறு தீர்ந்து என் பிறந்த வீடு மதராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். இனிமேல் இங்கே தெலுங்குதான் சோறு போடும் என்று மகளைத் தெலுங்குப் பள்ளியில் பிடிவாதமாகச் சேர்த்தவள் நான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறேன் என்று யார் கண்டது?

அவள் மூன்றாவது படிக்கும்போது ஓர் ஆயுத பூசை. ரெகார்டுகளுக்குப் பொட்டு வைக்க உறைகளைத் திறந்தேன். டாங்கோ உறையிலிருந்து ஒரு மடித்த காகிதம் விழுந்தது. அது எனக்குப் புதிதல்ல. தெலுங்கில், அவர் கையெழுத்தில் இருக்கும். பாட்டின் அர்த்தம், டிரைவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அதற்கும் வருஷா வருஷம் ஒரு குங்குமப் பொட்டு வைத்து உள்ளே செருகுவேன்.

அந்த வருஷம் மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். எழுத்துக் கூட்டித் தெலுங்கில் வாசித்து, எனக்காகத் தமிழிலும் சொன்னாள்.

“நீ போனதுலேர்ந்து எனக்கு சாயங்காலமே வர்றதில்ல, நேரா இருட்டிடுது. எனக்குக் கல்யாணம் ஆயிட்ச்சின்னு யார்னா சொன்னா நம்பாத. திருச்சானூர் கொளத்துல, மூணாவது படியில, உனக்காக இன்னும் குந்திகினு இருக்கேன்.”

நிமிர்ந்து சிரித்தாள். “அம்மா, நம்ம திருச்சானூரும்மா! பாட்டுல வருது!”

சந்தனக் கிண்ணம் கவிழ்ந்ததைக்கூட மகள்தான் பார்த்து எடுத்து வைத்தாள். ஒன்பது வருஷம் இந்தக் காகிதத்துக்கா பொட்டு வைத்தேன்!

அவர் குளித்துவிட்டு வந்தார். காகிதத்தை நீட்டினேன்.

“பாட்டோட அர்த்தம்னு அன்னிக்கே சொன்னேனே,” என்றார். பிறகுதான் பக்கத்தில் மகள் நிற்பதைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“கடலுக்கு அந்தாண்ட பாடறவனுக்குத் திருச்சானூர் கொளம் எப்படிங்க தெரியும்?”

துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார்.

கல்யாணமான புதிதில் திருச்சானூர் கோயிலில் தாயாரைச் சேவிக்கப் போயிருந்தோம். நான் குளத்தில் இறங்கிக் கால் நனைத்தேன். அவர் ஒரு படிகூட இறங்காமல் மேலேயே நின்றார்.

“தண்ணின்னா அவ்ளோ பயமா?” என்று நாலு பேர் கேட்கக் கேலி செய்தேன்.

“ஆமா, பயம்தான்,” என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.