ராயபுரம் கேட்காத ரிமார்க்ஸ்

டேட்டா என்ட்ரி என்பது அடுத்தவன் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடிக்கும் வேலை. நான் கூடச் சேர்த்து அடித்ததுதான் வினை. கம்ப்யூட்டர் திரையில் மணல் கடிகாரத்தை முறைத்தபடி உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, இதில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. உடனே தரமாட்டேன். லிஸ்ட்டுக்காக நாங்கள் காத்துக் கிடந்த மாதிரி நீங்களும் கொஞ்சம் காத்திருங்கள்.

பெட்டிக்கு ஒரு குரல்

பதினெட்டு வயதில் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் சேர்ந்தேன். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர், தேதி, ரிமார்க்ஸ் என்று கட்டம் கட்டமாக அடிக்க வேண்டும். ராயபுரம் ஆபீசில் பிலோமினா அக்கா, கீச்சென்று கத்தும் மோடத்தைப் போட்டு, போன் லைன் வழியாக எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அதை இழுப்பார். தன் பட்டியலோடு சேர்த்து மதியம் ஒரு மணிக்குள் அன்றைய பெட்டிகளின் லிஸ்ட்டை அச்செடுப்பார். அவருக்கு வேண்டியது நம்பரும் தேதியும்தான். ரிமார்க்ஸை யாரும் கேட்பதில்லை.

'கதவு நெளிசல்' என்று இரண்டு வார்த்தையோடு முடிய வேண்டிய அந்த இடத்தில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்து நாடகமே நடத்தினேன். லாரி டிரைவர் எப்படி இருமினார், வாட்ச்மேன் எப்படிக் கொட்டாவி விட்டார், ராயபுரம் மேனேஜர் துரைராஜ் சார் மூக்கால் எப்படித் திட்டுவார், எல்லாம் உண்டு. எட்டிப் பார்த்த கிரேன் ஆபரேட்டர் கஜா அண்ணன் சொன்னார்: "பொட்டி உள்ள இன்னா கீதுன்னு எழுதச் சொன்னா, உன் மண்ட உள்ள இன்னா கீதுன்னு எழுதிகினு கீறியே நைனா."

மூக்கால் ஒரு போன்

ஒரு திங்கட்கிழமையிலிருந்து ஐந்து நிமிட லிஸ்ட் நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. மாசக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் அக்காவை ஃபைல் ரூமுக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகத் துரைராஜ் சார் சொல்லியிருந்தார். பல வருடம் ஃபைல் தூசியில் தும்மியவர், ஞாயிறு பூசை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போய்ப் பிடித்த நாற்காலி அது.

எனக்கு அது விளையாட்டு. மணி ஒன்று ஆனதும் ராயபுரத்துக்குப் போன் போட்டு, மாடி ரூமை விட்டு இறங்காத துரைராஜ் சார் குரலில், லிஸ்ட் எங்கம்மா, நான் கேக்கறது கேக்குதா இல்லையா என்பேன். யார்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்தப் பக்கம் அக்கா தினமும் சொன்னது: "அஞ்சே நிமிஷம் சார், சீட்ட வுட்டு நவுரவே இல்ல சார்."

பிளானர் என்று ஒருத்தன்

சாஃப்ட்வேர் பார்க்கும் முரளி சார் லைனைச் சோதிக்க யார்டுக்கு வந்தார். லைனில் குற்றமில்லை. டீ குடித்தபடி விளக்கினார். எதை எங்கிருந்து வாங்குவது என்று முடிவு பண்ண சாஃப்ட்வேருக்குள் பிளானர் என்று ஒருத்தன் இருக்கிறான். நல்ல சோம்பேறி, தூரத்துக் கம்ப்யூட்டரிடம் தேவையான கட்டத்தை மட்டும்தான் கேட்பான். உடனே நான் பிளானர் குரலில், நம்பர் தேதி ரெண்டும் போதும் மாமு, மீதிய நீயே வெச்சுக்க என்று பேசிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

அடிபட்ட பெட்டிகளை லிஸ்ட்டிலிருந்து கழிக்கும்படி அந்தத் திங்கட்கிழமை முதல் புது உத்தரவாம். அதற்கு ரிமார்க்ஸைப் பார்க்க வேண்டும். பார்க்கும் புரோகிராம் ராயபுரத்தில் மட்டும்தான் இருக்கிறது, யார்டு கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. அதனால் அச்சில் வராவிட்டாலும், ஒவ்வொரு பெட்டியின் ரிமார்க்ஸும் முழுசாக லைனில் ஏறிப் போய், சோதனை முடிந்ததும் அங்கே குப்பையில் விழுகிறது.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். லைனை அடைத்திருந்தது என் நாடகம். ஒரு மணிக்கு சார் போன் வருமென்று பிலோமினா மூன்று வாரமாக டிபன் பாக்ஸைக்கூடத் திறப்பதில்லை என்றும் முரளி சார் சொன்னார். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அதுகூடப் பரவாயில்லை, அவர் கை கழுவப் போன நேரத்தில் அன்றைய போனையும் போட்டேன். கிளம்பும்போது அவர் சொன்னது: "ரெண்டு வார்த்த ரிமார்க்ஸுக்கு நாப்பது நிமிஷம் ஆகாது தம்பி, நாளைக்கு அத அப்படியே பிரிண்ட் போட்டுப் பாத்துடறேன்."

அக்கா வாசித்தது

மறுநாள் மணி ஒன்றுக்குப் போன் எனக்கு வந்தது. பிலோமினா அக்கா. தாமதம் அவரால் இல்லை என்று பிரிண்ட் தாளே சொல்லிவிட்டது, நாற்காலி தப்பியது. அந்தத் தாளைத்தான் கோயிலில் வாசகம் படிக்கிற நிதானத்தில் வாசித்தார். டிரைவரின் இருமல். வாட்ச்மேனின் கொட்டாவி. பின்னால் ராயபுரம் ஆபீசே உருண்டு சிரித்தது. நான் சொன்ன சிரிப்பு இதுதான். நீங்கள் சிரிக்கலாம், எனக்கு வரவில்லை.

அடுத்த பெட்டிக்கு நான் அடித்திருந்தது அந்த ஒரு மணிப் போனையே. துரைராஜ் சார்: லிஸ்ட் எங்கம்மா, நான் கேக்கறது கேக்குதா இல்லையா. அதற்கடுத்த பெட்டியில், பிலோ அக்கா: அஞ்சே நிமிஷம் சார், சீட்ட வுட்டு நவுரவே இல்ல சார். அதைப் பாதி வாசித்து நிறுத்தினார். பின்னால் இருந்த சிரிப்பும் நின்றது. அப்புறம் மெதுவாக: "எல்லார் மாதிரியும் பேசற இல்ல தம்பி? இப்ப உன் குரல்ல ஒரு வார்த்த பேசு, கேக்கறேன்."

அன்றைக்கு லைனில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் 'மன்னிச்சிடுக்கா' என்ற ஒரே வார்த்தை திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போய்ச் சேர இரண்டு நாள் பிடித்தது.