மார்ஜுக்குத் தெரியாமல் கட்டிய பை

லின்ட்சே டிரெகென்சா ஆப்பிள் கொட்டகையில் பெட்டி அடுக்குகிறவன். ஹ்யூவான் பள்ளத்தாக்கில் அவனைப்போல் இடுக்கு விடாமல் அடுக்க ஆளில்லை. கோடையில் மலைக்குப் போகும்போதும் அதே கைதான்: தூங்கும் பை அடியில், பாத்திரத்துக்குள் காலுறை, மழைச்சட்டை மேலாக. வரவேற்பறைத் தரையில் எல்லாவற்றையும் பரப்பி, விசில் அடித்துக்கொண்டே கட்டுவான்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டு நோலீனின் கார் கொட்டகையில் ஒளிந்து கட்டினான். காரணம் மார்ஜ், அவனுடைய கிழட்டு நாய். கண் மங்கி, காதும் போய்விட்டது. மலை இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் நாயை விடமாட்டார்கள். போன வருஷம் பையைப் பார்த்ததும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அவன் திரும்பும்வரை தட்டைத் தொடவில்லை. இந்த வருஷம் அப்படிக் கிடந்தால் தாங்காது.

அதனால் சட்டைக்குள் காலுறை, மதியச் சாப்பாட்டு டப்பாவில் மடக்கு அடுப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தினான். பயணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. கூடவே மலையேறும் கூட்டாளி காலின் இங்கே வர மெல்போர்னில் கப்பலேறிவிட்டான்.

"பொண்டாட்டிக்குத் தெரியாம ஓடுறவன்கூட இப்படிப் பதுங்க மாட்டான்டா," என்றாள் நோலீன்.

"சும்மா இருங்க. தெரிஞ்சா சாப்பிடாது."

"தெரியலன்னா மட்டும் விருந்து சாப்பிடுமாக்கும்!"

அவன் பூட்ஸுக்குத் தேன்மெழுகு தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "நான் வர்றதுக்குள்ள அது போயிட்டா?"

"போயிட்டா நான் பக்கத்துல இருப்பேன். ஆனா உன்னைத் தேடிக்கிட்டே சாக விடாதே. சொல்லிட்டுப் போ."

"நாய்கிட்ட என்னத்தச் சொல்ல?"

"இத்தனை வருஷமா அதுகிட்டதானே எல்லாத்தையும் சொன்னே? என்கிட்டயா சொன்னே?"

எலுமிச்சை சோப்புப் போட்டு, நகக்கண்வரை தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனான். மார்ஜ் தடுமாறி வந்து அவன் விரல்களில் மூக்கை வைத்தது. எடுக்கவில்லை. சோப்பு வாசனைக்கு அடியில் பூட்ஸ் மெழுகின் வாசனை இருந்தது.

அவன் எதிர்பார்த்ததுபோல் அது சுருண்டு படுத்திருந்தால் தேவலை. மார்ஜ் சுவரை உரசிக்கொண்டே போய், வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்தது. பூங்காவுக்கு வெளியே காட்டுப் பாதைகளில் அவனோடு நடந்த காலத்தில் அப்படித்தான் உட்காரும். தன்னையும் கூட்டிப்போவான் என்று நினைத்துவிட்டது. வால் தரையைத் தட்டியது.

லின்ட்சேவுக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. நோலீன் வீட்டுக்குப் போய்ப் பையைத் தூக்கி வந்து, நாயின் முன்னால் எல்லாவற்றையும் கொட்டினான். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அதன் மூக்கருகே நீட்டிவிட்டுத் திரும்பக் கட்டினான். இந்தமுறை விசில் இல்லை. கம்பளித் தொப்பியை நீட்டியதும் மார்ஜ் அதைக் கீழே தள்ளி, மேலே தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவன் இழுத்துப் பார்க்கவில்லை.

காலையில் காலின் காரை நிறுத்தினான். "தொப்பி எங்கடா? மேல பனி விழுமாம்."

"மறந்துட்டேன்."

"நீயா? சும்மா கதை விடாத!"

கார் கிளம்பியபோது நோலீன் வாசலில் மார்ஜை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையசைக்கவில்லை, அதன் தலை தொப்பியிலிருந்து நிமிரவில்லை. பாலத்து வளைவுவரை, நிறுத்து என்று சொல்ல லின்ட்சே வாயைத் திறந்தபடியே வந்தான். வளைவும் போனது. வெயில் ஏறியிருந்தும் காது குளிர்ந்தது.